கீழாநெல்லிக்கு ஒரு பரீட்சை

எங்கள் ஊர்ப் பெருமாள் கஷாயம் குடிப்பவர். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் சொன்னால்தான் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். நாவல்பழமும் தயிர்சாதமும் சேர்ந்து ரங்கநாதருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது, திருமுகம் வாடியிருந்ததைக் கண்ட ராமானுஜர் வைத்தியரைக் கூப்பிட்டுக் கஷாயம் போடச் சொன்னார் என்று கதை. அதற்கு ஏற்றாற்போல் கோயிலுக்குள்ளேயே தன்வந்திரிக்கு ஒரு சன்னிதியும் உண்டு.

கதை இருக்கட்டும், கல்வெட்டே இருக்கிறது. சக வருஷம் 1415, அதாவது கி.பி. 1493. பாழாகிக் கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பவர் எடுத்துக் கட்டி, தன்வந்திரி எம்பெருமானையும் எழுந்தருளப் பண்ணினார் என்கிறது. அந்தச் சாலை முதலில் எழும்பியது போசளர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில். இன்றைக்கு நாம் ஜருகண்டி கேட்டுக்கொண்டு நகருகிற பிராகாரத்தில் ஒரு காலத்தில் நோயாளிகள் படுத்திருந்திருக்கிறார்கள்.

இதைவிடப் பழைய ஆஸ்பத்திரி செய்தி காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் கிடைக்கிறது. வீரராசேந்திர சோழன் காலம், 1069 வாக்கில். 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்துவர ஆட்கள், பார்த்துக்கொள்ளப் பெண்கள், தண்ணீர் கொண்டு வர ஒருவர். யார் யாருக்கு எவ்வளவு நெல் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய தைலம், நெய், லேகியம் என்று நீண்ட மருந்துப் பட்டியல் வேறு. படிக்கப் படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்ற வரி மட்டும் அதில் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு எழுத வேண்டும் என்ற எண்ணமே உலகத்துக்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

இப்போது எதற்கு இந்தப் புராணம் என்றால், எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் அக்கா பையன் சென்னையில் மருத்துவம் படிக்கிறான். அவனுக்குக் கஷாயம், ஹோமியோபதி, தியானம், அக்குபங்சர் எல்லாமே ஒரே ஜாதி. "எல்லாம் பிளசிபோ, சித்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். எதிர் வீட்டு மாமிக்கும் இவை எல்லாம் ஒரே ஜாதிதான். "நம்ம பாட்டி காலத்து மருந்து, பக்க விளைவே கிடையாது" என்பார். அந்தப் பட்டியலில் ஜெர்மனியில் பிறந்த ஹோமியோபதியும் வந்துவிடும். மாமியின் பாட்டிக்கு ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, இதில் குணப்படுத்தியது எது என்று கேளுங்கள். இலையா, வைத்தியரா, நாள் போனால் தானே தேறிக்கொள்கிற உடம்பா?

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். லால்குடி, முசிறி பக்கம் போனால் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுப்பவர் யாராவது ஒருவர் இருப்பார். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். கீழாநெல்லியை அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கிக் கொடுப்பார். எண்ணெய் கூடாது, புளி கூடாது, உப்பைக் குறை என்று பத்தியம் சொல்வார். கண்ணில் மஞ்சள் இறங்கிவிடும். போனவர் பத்துப் பேரிடம் சொல்வார், பத்துப் பேரும் அடுத்த தடவை அங்கேதான் போவார்கள்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மஞ்சள் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் நம் ஊரில் கெட்ட தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடுகிற வியாதி. கீழாநெல்லி குடித்தாலும் இறங்கும், ஆஸ்பத்திரியில் படுத்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டாலும் இறங்கும், வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தாலும் இறங்கும். கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் பேர் கிடைக்கிறது. ஆங்கில மருந்துக்காரர்களும் இந்தப் பேரை நிறையவே வாங்கியிருக்கிறார்கள் என்பதை என் அக்கா பையனுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஹெபடைடிஸ் பி சமாசாரம் வேறு. அது சிலர் உடம்பில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகாது. வருஷக்கணக்கில் கிடந்து கல்லீரலைச் சுருக்கி, சிலருக்குப் புற்றுநோய்வரை கொண்டுவிடும். தானாகப் போகாத வியாதி என்பதால் மருந்தைப் பரீட்சை செய்ய அதுதான் சரியான இடம். அந்தப் பரீட்சையை நம் சென்னையிலேயே செய்தார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு அது. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானவர். கூட்டுச் சேர்ந்தவர் யார் தெரியுமா? பரூக் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய அதே பிளம்பெர்க். கீழாநெல்லிக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு என்ன வேண்டும்?

கட்டுரை 1988இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது. நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டிருந்த 78 பேர். ஒரு பகுதிக்குக் கீழாநெல்லி, மற்றவர்களுக்கு வெற்று மருந்து, அதாவது பிளசிபோ. 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். முடிவில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. 59 சதவீதத்துக்கு 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது.

என் பழைய வாத்தியார் புத்தி இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கும். 37ம் 23ம் கூட்டினால் 60. ஆரம்பத்தில் 78 பேர். மீதி 18 பேர் கணக்கில் வரவில்லை. வராதவர்களில் பாதிப் பேர் வெற்று மருந்துப் பக்கம் இருந்து, அவர்களில் சிலருக்கும் தானாகச் சரியாகியிருந்தால் என்ன ஆகும்? 59க்கு 4 என்பது அவ்வளவு சுலபமாகக் கவிழாதுதான். இருந்தாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

அப்புறம் மற்ற ஊர்க்காரர்கள் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் பலிக்கவில்லை. நியூசிலாந்தில் பலிக்கவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு அதுவரை வந்த 16 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் கீழாநெல்லியால் பலன் என்று நம்பும்படியான சான்று இல்லை என்று எழுதிவிட்டது.

மாமியிடம் இதைச் சொன்னேன். "அவா ஊர் மண்ணுல மொளச்சதுக்கு வீரியம் இருக்காதுடீ" என்றார். சிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், யோசிக்க யோசிக்க மாமி கேட்டது நியாயமான கேள்வி. எல்லாரும் கொடுத்தது ஒரே செடிதானா?

பிளம்பெர்க்கின் குழு லான்செட்டுக்கு முந்தின வருஷம், 1987இல், ஒரு கட்டுரை போட்டிருந்தது. வுட்சக் என்கிற அமெரிக்கப் பிராணிக்கு வரும் இதே மாதிரி வைரஸை வைத்துச் செய்தது. அதில் செடியின் பெயர் ஃபைலாந்தஸ் நிரூரி. மறு வருஷம் லான்செட்டில் ஃபைலாந்தஸ் அமாரஸ். நம் ஊர்ப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் வெகு காலம் நிரூரி என்றே எழுதி வந்தார்கள். அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்பில் முளைப்பது அமாரஸ். செடி மாறவில்லை, பேர்தான் திருந்தியது. ஆனால் பேரை நம்பிச் செடி தேடுகிறவன் என்ன செய்வான்?

சந்தையில் நிலைமை இன்னும் மோசம். தென்னிந்தியாவில் 25 மருந்துக் கடைகளில் கீழாநெல்லி வாங்கி மரபணு வரைக்கும் போய்ச் சோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. முக்கால்வாசி மாதிரிகளில் பெரும்பகுதி அமாரஸ்தான். மீதிக் கால்வாசியில் அதன் பங்காளிகள் ஐந்து இனம்.

இதைப் படித்துவிட்டு நானும் பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி கேட்டேன். "பொடியா, காய்ஞ்சதா?" என்றார் கடைக்காரர். இரண்டையும் வாங்கினேன். காய்ந்த கட்டை வீட்டில் பேப்பரில் கொட்டிப் பிரித்தால், சின்னச் சின்ன இலை உதிர்ந்து தண்டு தனியாகக் கிடக்கிறது. நல்ல காலம், சில காம்பில் இலைக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாய்க் காய் ஒட்டிக்கொண்டிருந்தது. சரி, இது அந்தக் குடும்பம்தான் என்று மட்டும் சொல்லலாம். காய்க்குக் காம்பு உண்டா, மேல்தோல் வழுவழுப்பா சொரசொரப்பா என்று பார்த்தால் எந்தப் பங்காளி என்பதும் ஓரளவு தெரியும். பொடியில்? பச்சையாக, கசப்பாக ஒரு பொடி. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தாவரவியல் பேராசிரியரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இங்கேதான் திருச்சிக்கு ஒரு பெருமை இருக்கிறது. கல்வெட்டுப் பெருமை அளவுக்கு ஊரில் யாரும் இதைப் பேசுவதில்லை. செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரேபினாட் ஹெர்பேரியம் என்று ஒன்று. 1967இல் ஆரம்பித்தவர் ஏசு சபைப் பாதிரியார் கே.எம். மேத்யூ. ஹெர்பேரியம் என்றால் செடிகளின் ஆவணக் காப்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, ஓரத்தில் சீட்டு எழுதுவார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது. மேத்யூவும் அவருடைய மாணவர்களும் தமிழகச் சமவெளியையும் குன்றுகளையும் கால் தேய நடந்து சேகரித்ததிலிருந்து பிறந்ததுதான் 1980களில் வெளிவந்த தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதிகள். 2004இல் காலமானார்.

தமிழ்நாட்டு மூலிகை ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் ஆரம்பத்தில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். இந்தச் செடி இன்னதென்று திருச்சி ரேபினாட் ஹெர்பேரியத்தில் உறுதி செய்யப்பட்டது, மாதிரி அங்கே வைக்கப்பட்டுள்ளது என்று. சுவாரசியமே இல்லாத வரி. அந்த வரி இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. எலிக்குச் சர்க்கரை குறைந்தது, புற்றுச் செல் செத்தது என்று என்ன வேண்டுமானாலும் அதற்கப்புறம் எழுதலாம். எந்தச் செடியால் என்பது தெரியாவிட்டால் இன்னொருவன் திரும்பச் செய்து பார்க்கவே முடியாதே.

நிலவேம்புக் குடிநீருக்கும் இதே பாடு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. பற்படாகம் என்றால் நம் பக்கம் ஒரு செடி, ஆயுர்வேதக்காரர்கள் பர்ப்படகம் என்று எடுப்பது வேறு செடி. 2017 டெங்குவின்போது, ஆராய்ச்சி முடிவு வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் ரசிகர்களிடம் சொல்லப் போக, ஊரே இரண்டாகப் பிரிந்தது. பிறகு டெல்லியில் ஒரு ஆய்வகத்தில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராக அது ஏதோ செய்கிறது என்று பார்த்தார்கள். தட்டில் இருக்கிற செல்லில் நடந்தது படுக்கையில் இருக்கிற மனுஷனுக்கும் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. நடுவில் எவ்வளவு தூரம் என்று கீழாநெல்லிக்குத்தான் தெரியும்.

ஹோமியோபதிக்கு வருகிறேன். இதில் செடி எது என்ற தகராறே கிடையாது, ஏனென்றால் செடியே கிடையாது. ஹானிமன் 1790களில் தொடங்கிய முறை. 30சி என்றால் ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலக்கிக் குலுக்கி, அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி 99இல் கலக்கி, இப்படி முப்பது தடவை. பன்னிரண்டாவது தடவை தாண்டும்போதே அசல் மருந்தில் ஒரு மூலக்கூறு மிஞ்சினால் அதிர்ஷ்டம். முப்பதாவதில்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு மூலக்கூறு கிடைக்கச் சூரியனைப் போலப் பல ஆயிரம் மடங்கு எடையுள்ள தண்ணீர் குடிக்க வேண்டும். 2020 ஜனவரியில், கொரோனா இங்கே வந்தும் வராததுமாக, மத்திய ஆயுஷ் அமைச்சகம் சொன்ன ஆர்செனிகம் ஆல்பம் 30 இந்தக் கணக்குதான். எங்கள் தெருவிலும் குட்டிப் பாட்டிலில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஆர்செனிக் விஷமாயிற்றே என்று பயந்தவர்களிடம், பயப்பட அதில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை.

இந்த முறை நம் பக்கம் வந்து பல காலம் ஆயிற்று. 1840களிலேயே சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மருத்துவர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ராஜாக்களின் ஆதரவோடு தஞ்சையில் ஹோமியோபதி ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறார். அந்தக் காலத்து மற்ற வைத்தியம் ரத்தத்தை வடிப்பதும் பாதரசம் கொடுப்பதும். அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத மருந்து எவ்வளவோ தேவலை. அன்றைக்கு ஹோமியோபதி ஜெயித்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

2005இல் லான்செட்டில் 110 ஹோமியோபதி ஆய்வுகளை அதே எண்ணிக்கை வழக்கமான மருந்து ஆய்வுகளோடு ஒப்பிட்டார்கள். தரமான, பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது ஹோமியோபதிக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2015இல் ஆஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் எந்த வியாதிக்கும் நம்பகமான சான்று இல்லை என்றது. இதோடு என் அக்கா பையன் எழுந்து போய்விடுவான். எனக்குப் பிடித்த ஆய்வு இதற்கு அப்புறம்தான் வருகிறது.

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன்காரர்கள் 2011இல் வெளியிட்டது. முடக்குவாதக்காரர்கள் 83 பேர். சிலருக்கு ஹோமியோபதி மருத்துவர் உட்கார்ந்து பேசி மருந்து கொடுத்தார். சிலருக்குப் பேச்சு இல்லை, மருந்து மட்டும். இரண்டு பக்கத்திலும் அசல் உருண்டையும் வெற்று உருண்டையும் கலந்திருந்தது. முடிவு என்ன? பேசப்பட்டவர்களுக்கு வலி குறைந்தது. உருண்டை அசலா போலியா என்பதால் எந்த வித்தியாசமும் இல்லை.

தில்லைநகர் பக்கம் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் எங்கள் சித்தப்பா ரொம்ப நாள் போய்க்கொண்டிருந்தார். நானும் துணைக்குப் போயிருக்கிறேன். தாகம் எப்படி, இடி இடித்தால் பயப்படுவீர்களா, என்ன கனவு வருகிறது, யார் மேலாவது கோபமா என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். சித்தி காலமானதைப் பற்றிச் சித்தப்பா வாய் திறந்து பேசி நான் கேட்டது அந்த அறையில்தான். பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், டாக்டரும் பாவம், வெளியே நூறு பேர் நிற்கும்போது கனவைப் பற்றி எங்கே கேட்பார்? மருந்து இருக்கிற இடத்தில் நேரம் இல்லை, நேரம் இருக்கிற இடத்தில் மருந்து இல்லை. அக்கா பையனிடம் நான் சொன்னது இதுதான்: பிளசிபோ என்று நீ தள்ளிவிடுகிறாயே, அதில் பாதி உன் ஆஸ்பத்திரி கொடுக்க மறந்த வைத்தியம்டா.

அடுத்தது தியானம். அதில் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற வகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் எட்டு வாரப் பயிற்சியாக அதை ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வந்தார். 2014இல் 47 ஆய்வுகள், 3515 பேரைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றுக்கும் மிதமான பலன் உண்டு. ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் 85 பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்து, வழக்கமான பாடத்தைவிட இதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று 2022இல் சொன்னார்கள். கண்ணை மூடி உட்காருவதற்கு வெற்று மருந்து எது என்பதே பெரிய சிக்கல். சும்மா உட்காருவதை எதோடு ஒப்பிடுவது? அம்மா மண்டபத்துப் படியில் காலை ஆறு மணிக்கு அரைமணி நேரம் செல்போன் இல்லாமல் உட்கார்ந்தால் எனக்கு நன்றாக இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி கேட்க மாட்டேன். பணம் கட்டி வகுப்பில் சேர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னால் கண்டிப்பாகக் கேட்பேன்.

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு யார் பேர் என்று உங்களுக்குத் தெரியும். கி.ஆ.பெ. விசுவநாதம். எக்ஸ்ரேயும் ஐ.சி.யு.வும் இருக்கிற அந்தக் கல்லூரியின் பெயர்ப்பலகையில் இருக்கிறவர் 'தமிழ் மருந்துகள்' என்று புத்தகம் எழுதியவர். இதை அங்கே படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்? எனக்கு ஒரு ஆசை உண்டு. அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு மருந்து, ரேபினாட்டில் அடையாளம் பார்த்த செடி, அந்தக் கல்லூரியின் நோயாளிகள், முன்கூட்டியே பதிவு செய்த ஒரு பரீட்சை. பாஸானாலும் ஃபெயிலானாலும் வெளியிட வேண்டும். மூன்றும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன, ஆட்டோவில் போகிற தூரம்.

கடைசியாக மாமி. கொரோனா காலத்திலிருந்து சீந்தில் சூரணம் சாப்பிட்டு வருகிறார். எதிர்ப்பு சக்திக்காம். 2022இல் நம் நாட்டின் பல ஊர்க் கல்லீரல் மருத்துவர்கள் சேர்ந்து, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த 43 பேரைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன்பே மும்பையில் சிலருக்கு இப்படி ஆனபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது வேறு இனமாக இருக்கலாம் என்றது. மறுபடியும் எந்தச் செடி என்ற அதே கேள்வி.

"டாக்டர்கிட்ட சொன்னேளா மாமி?"

"சொன்னா திட்டுவாரோன்னு சொல்லலை."

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன், டப்பாவையும் எடுத்துக்கொண்டு. டாக்டர் திட்டவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாவரவியல் பேர் எங்கேயும் போடவில்லை. கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, இதை நிறுத்திவிடுங்கள் என்றார். ரிசல்ட் எல்லாம் சரியாக வந்தது.

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேனோல்லியோ! இத்தனை வருஷம் சாப்பிட்டும் ஒண்ணுமே பண்ணலை."

"ஒண்ணுமே பண்ணலைன்னா அப்புறம் எதுக்கு மாமி சாப்பிடணும்?"

மாமி கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதி டப்பா பாக்கி இருக்கேடீ" என்றார்.